சிறு நகரங்களில் மனையும் மூலதனமும்

தமிழ்நாட்டில் எந்தப் புறவழிச் சாலையில் போனாலும், ஊர் வருவதற்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்னாலேயே கொடிகள் வந்துவிடுகின்றன. நேற்றுவரை கடலையோ சோளமோ விளைந்த காட்டில் செம்மண் சாலை, மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், சாமி பெயரிலோ புரோமோட்டரின் மகள் பெயரிலோ ஒரு ‘நகர்’, அதற்கு ஓர் ஆர்ச். பேருந்து நிலையம் பத்து நிமிடம், பொறியியல் கல்லூரி ஐந்து நிமிடம், வரப்போகும் விமான நிலையம் இருபது நிமிடம் என்று பலகை சொல்லும். எந்த வேகத்தில் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப்போய், மதியச் சாப்பாடு போட்டு, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசு, பத்திரச் செலவு இலவசம் என்பார்கள்.

சிறு நகரங்களைப் பணம் போடத் தகுந்த இடங்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவந்தவர்கள் பெரும்பாலும் இந்த புரோமோட்டர்கள்தாம். இப்போது அரசும் அதே வேலையில் இறங்கியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் விழுப்புரத்திலும், செப்டம்பரில் தஞ்சாவூரிலும் சேலத்திலும், ஆண்டுக் கடைசியில் தூத்துக்குடியிலும் சிறிய டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி நான்கும் மாநகராட்சிகளாக உயர, மாநிலத்தின் மாநகராட்சிகள் 25 ஆயின. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

சிறு நகரத்துக்குப் பணம் வருகிறதா என்று கேட்டால், வருகிறது என்பதே விடை. வந்த பணம் ஊரில் என்னவாகிறது என்பதுதான் ஆராய வேண்டியது. கல் நட்டுப் படுத்துக்கிடக்கும் மனையாகிறதா, அல்லது குழாயாகவும் பள்ளியாகவும் பட்டறையாகவும் மாறி மேலும் பணத்தை ஈர்க்கிறதா? தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் நூறாண்டு வரலாற்றில் இரண்டுக்கும் நல்ல சான்றுகள் உண்டு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்று ‘ரியல் எஸ்டேட் வளர்ச்சி’ என்று கொண்டாடப்படுவதில் பாதிக்கு மேல் முதல் வகையைச் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

முதலில், களம் ஏன் இவ்வளவு சாதகமாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். பெரிய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். அந்த நகரவாசிகள் ஒரே ஊரில் குவிந்துவிடவும் இல்லை. கர்நாடகத்தில் பெங்களூருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே இருக்கும் பள்ளம் இங்கே இல்லை. சென்னைக்குப் பிறகு கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, திருப்பூர், சேலம் என்று வரிசை நீள்கிறது. அதற்குக் கீழே ஈரோடு, கரூர், நாமக்கல், சிவகாசி, ராஜபாளையம் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலைக் கையில் வைத்திருக்கும் ஊர்கள். ஜவுளி, கொசுவலை, கோழி, லாரி பாடி, பட்டாசு, அச்சு. தொழில் இல்லாத ஊரில் மனை விற்பது கடினம். தொழில் உள்ள ஊரில் மனை விற்பது சுலபம் மட்டுமில்லை, தொழிலில் போட வேண்டிய பணத்தையே மனை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுலபம்.

இந்தியக் குடும்பங்களின் சொத்து எங்கே கிடக்கிறது என்பதை ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017இல் கணக்கிட்டுச் சொன்னது. சராசரிக் குடும்பத்தின் சொத்தில் 77 விழுக்காடு வீடும் நிலமும். 11 விழுக்காடு தங்கம். வங்கி வைப்பு, பங்கு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 5 விழுக்காடு. மனை வாங்காத மாமாவை உறவில் யாரும் மதிப்பதில்லை என்பதை இந்த எண்கள் வேறு பாஷையில் சொல்கின்றன. மகள் கல்யாணத்துக்கு ஒன்று, ரிட்டையர்மென்ட்டுக்கு ஒன்று என்று வாங்கிப்போட்டவர்களில் பலர் அங்கே வீடு கட்டப்போவதில்லை. பக்கத்து மனைக்காரரும் அப்படியே. ஆகவே நூறு மனையில் ஐந்து வீடு எழும். அந்த ஐந்து வீட்டுக்கு மின்கம்பம் இழுக்க வேண்டும், தண்ணீர் லாரி போக வேண்டும், பள்ளி வாகனம் திரும்ப இடம் வேண்டும். மீதித் தொண்ணூற்றைந்தில் சீமைக்கருவேலம். விவசாயமும் போய், குடியிருப்பும் வராத ஓர் இடைநிலம் ஒவ்வோர் ஊரைச் சுற்றியும் வளையமாக உருவாகியிருக்கிறது. கட்டிய வீட்டின் கதையும் சில இடங்களில் இதுதான்: அதே 2011 கணக்கெடுப்பு, நாட்டின் நகரப் பகுதிகளில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது.

அங்கீகாரம் என்பதன் கதை தனி. நகர ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. மனைப்பிரிவு போடுவதற்கு நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி வேண்டும், சாலை இத்தனை அகலம் வேண்டும், பெரிய மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்கா, விளையாட்டிடம் என்று பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டுவதற்கு ஊராட்சித் தலைவரின் ஒரு முத்திரை போதும் என்ற பழக்கம் பல்லாண்டு நடந்தது. அப்படி அனுமதி தர அவருக்கு அதிகாரமே கிடையாது என்பது வாங்கியவருக்குத் தெரியாது, விற்றவருக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. புரோமோட்டர்களைவிட அதிகம் அடிபட்டவர்கள், மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ மனையை விற்க நினைத்த நடுத்தரக் குடும்பங்கள். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

அந்தத் தடையை ஒட்டி எழுந்த விவாதத்தில் ஒரு செய்தி அமுங்கிப்போனது. வரன்முறைக் கட்டணம் கட்டினால் காகிதம் சரியாகும்; சாலையின் அகலம் கூடாது, ஓடை அடைபட்ட இடம் திறக்காது. நீர்நிலைகளை மேவுவதில் தனியாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் இடமே உலகனேரிக் கண்மாய்.

இனி, அரசு அறிவிப்பு நிலத்துக்குள் நுழையும்போது நடப்பது. ஆலையோ விமான நிலையமோ பேருந்து முனையமோ அறிவிக்கப்பட்ட மறுநாளே சுற்றுவட்டாரத்தில் சென்ட் விலை ஏறுகிறது. திருச்சி பஞ்சப்பூரில் 2025 மே மாதம் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டியது பொதுப்பணம். விலை ஏற்றம் போய்ச் சேர்வது சுற்றியிருக்கும் நில உடைமையாளர்களுக்கும், முன்கூட்டியே மோப்பம் பிடித்து அக்ரிமென்ட் போட்டவர்களுக்கும். பொதுப்பணத்தால் ஏறிய மதிப்பில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் திரும்பப் பெறும் வழி நம்மிடம் மெலிந்த நூலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி, மீதியை ரொக்கமாகக் கைமாற்றிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். பின்னால் அரசு அதே பகுதியில் நிலம் எடுக்க வரும்போது, இழப்பீட்டைக் கணக்கிட அந்தப் பத்திரங்களைத்தான் பார்க்கும். அண்டை நிலத்துக்காரர் முத்திரைத் தீர்வை மிச்சப்படுத்தியதற்கான விலையை, ஒரு மனைகூட விற்காத விவசாயி கொடுக்கிறார்.

மறுபக்கத்துக்கு வருவோம். ஊர்ப் பணம் ஊருக்குள் வேலை செய்த காலங்கள் இருந்தன. அவற்றில் மிகத் தெளிவான சோதனை காரைக்குடி. நகரத்தார் எனப்படும் செட்டியார் வணிகர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டியதைக் கொண்டுவந்து இரண்டு விதமாகப் போட்டார்கள். ஒன்று, தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள்: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல். உலகப் பொருளாதார மந்தமும் 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அந்த வருமானத்தை அறுத்துவிட, வீடுகள் பங்காளிகளின் பல பங்குகளாகி, கல்யாணத்துக்கும் படையலுக்கும் மட்டும் திறக்கும் நிலைக்கு வந்தன. சில இன்று விடுதிகள், பல சினிமாக்காரர்களுக்கு வாடகை, மற்றவை தேக்குத் தூண்களைப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டவை.

இரண்டாவது முதலீட்டை ஒரே மனிதர் செய்தார். நாடு சுதந்திரம் அடைந்த நேரத்தில் தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கே வைப்பது என்ற பேச்சு நடந்தபோது, நகரத்தார் சமூகத்துத் தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். 1948 ஜூலை 25 அன்று நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அதையொட்டிக் கல்லூரிகள், 1985இல் பல்கலைக்கழகம். எழுபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள், வாடகை கொடுக்கும் மாணவர்கள், மெஸ், புத்தகக் கடை, தையற்கடை என்று அந்த 300 ஏக்கர் ஊருக்குள் பணத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே ஊர், அதே சமூகம், ஏறத்தாழ அதே காலம். காரைக்குடி இன்று மாநகராட்சியாகும் அளவுக்கு ஆள் தங்கியிருப்பதற்கு எந்த முதலீடு காரணம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளின் அழகைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவற்றைக் கட்டிய கொத்தனார்களுக்கு இணை இன்று கிடையாது.

விருதுநகரில் வேறொரு வழி. நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ‘மகமை’ எடுத்துப் பொது நிதியில் சேர்த்தார்கள். அந்த நிதியும் வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசியும் சேர்ந்து 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தின. காமராஜர் படித்த பள்ளி அது. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழையில்லாத கரிசல் காட்டில் ஒரு தொழில் நகரம் எழுந்தது இப்படித்தான். மனை விலை பிறகுதான் ஏறியது.

வங்கிகளும் இந்தக் கணக்கில் சேரும். கும்பகோணத்தில் 1904இல் சிட்டி யூனியன் வங்கி, கரூரில் 1916இல் கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மூன்றுமே ஊர் வணிகர்களின் பங்குப் பணத்தில் எழுந்தவை, இன்றும் அந்தந்த ஊரிலேயே தலைமையகம் வைத்திருப்பவை. கும்பகோணத்தில் சேர்ந்த வைப்புத்தொகையை யாருக்குக் கடனாகக் கொடுப்பது என்பதைக் கும்பகோணத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானித்தார்கள். பாத்திரக் கடைக்காரரின் கையெழுத்தும் குடும்பமும் மேலாளருக்குத் தெரியும். கோயம்புத்தூரில் 1926இல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதினார்கள். பள்ளியும் தொழிற்கல்வியும் பம்புசெட்டுப் பட்டறைகளும் அந்த ஊரில் ஒன்றையொன்று வளர்த்தன.

இந்த வரலாற்றை வெறும் பெருமையாகச் சொல்லக் கூடாது. இங்கே ‘சமூகம்’ என்பது பெரும்பாலும் சாதி. மகமை கட்டியவர்கள் தங்களுக்குள் கட்டினார்கள்; கடன் கொடுத்தவர்கள் தெரிந்த குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். திருப்பூரில் வேலைக்காரராக இருந்து பங்குதாரராகி முதலாளியான பலரின் கதைக்குப் பின்னால் உறவும் ஊரும் இருந்தன. அந்த உறவு வலைக்கு வெளியே இருந்த தலித் தொழிலாளிக்கு அதே ஏணி எட்டவில்லை. இன்றும் சிறு நகரத்து மனைப்பிரிவில் யாருக்கு விற்பது, யாருக்கு ‘எல்லாம் புக் ஆகிவிட்டது’ என்பது என்பதை சாதி தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. மக்கள் பணத்தைக் கூட்டாக முதலீடு செய்வது பற்றிப் பேசுகிறவர்கள், அந்தக் கூட்டில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். சாதி தாண்டிய ஒரே கூட்டு, நடைமுறையில், நகராட்சிதான்.

நகராட்சி அதைச் செய்து காட்டிய இடமும் இருக்கிறது. ஆலந்தூர் அப்போது சென்னையை ஒட்டிய தனி நகராட்சி. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். வீடுகளில் கழிவுநீர்த் தொட்டி, நிரம்பினால் லாரி. தொண்ணூறுகளின் இறுதியில் நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தார். செலவு சுமார் 34 கோடி. கடன் கிடைக்கும், ஆனால் கடனைத் திருப்பிக் கட்ட மக்கள் இணைப்பு எடுத்தாக வேண்டும். ஆகவே குழி தோண்டுவதற்கு முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அந்தக் காலத்து 5,000 சின்னத் தொகை இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வேலை நடக்காமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, வசூலைத் தனிக் கணக்கில் வைப்பது என்று பதில் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கங்கள் வாசல் வாசலாகப் போய்ப் பேசின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. 2000இல் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் இணைப்புகள் வந்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஏற்பாடு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பொறியியலும் நிதி ஏற்பாடும் இல்லை. பணம் கட்டியவர் அடுத்த வீதியில் நிற்கும் தலைவரைப் பார்த்து ‘எங்கே என் குழாய்?’ என்று கேட்க முடிந்தது. கழிவுநீர் லாரிக்கு ஆண்டுதோறும் கொடுத்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வைப்புத்தொகை லாபம் என்று இல்லத்தரசிகளுக்கே தெரிந்தது. சாக்கடை இணைப்பு வந்த தெருவில் வீட்டு மதிப்பும் வாடகையும் ஏறின. மனைப்பிரிவில் விளம்பரத்தால் ஏறும் விலைக்கும் இந்த ஏற்றத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இது அடியில் குழாய் உள்ள விலை.

சிறிய நகராட்சி தனியாகப் போனால் கடன் சந்தை அதைத் திரும்பிப் பார்க்காது. அதற்கும் தமிழ்நாடு ஒரு வழி கண்டது: 2002இல் பதின்மூன்று உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் தேவைகளை ஒன்றாகக் கட்டி, ஒரு கூட்டு நிதியத்தின் பெயரில் சுமார் 30 கோடிக்கு பதினைந்தாண்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. இந்தியாவில் சிறு நகரங்கள் கைகோத்துச் சந்தையில் கடன் வாங்கிய முன்னோடி முயற்சி அது. பிறகு அந்தப் பாதையில் போதுமான வேகம் இல்லை. 2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி சூரிய மின் நிலையத்துக்காக 244 கோடிக்குப் பொதுமக்களுக்கே பசுமைப் பத்திரம் விற்றபோது, நம் ஊர்ப் பத்திரிகைகள் அதைப் புதுமை என்று எழுதின.

தோல்வியும் பாடம்தான் என்பதற்குத் திருப்பூர். சாயப்பட்டறைகள் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த ஊருக்கு, பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர 1,000 கோடிக்கு மேல் செலவில் ஒரு கூட்டு நிறுவனம் அமைந்தது. அரசும் ஏற்றுமதியாளர்களும் நிதி நிறுவனமும் பங்குதாரர்கள். ஆலைகள் கூடுதல் விலை கொடுக்கும், அதில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் தண்ணீர் போகும் என்பது கணக்கு. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் தண்ணீர் வந்தது. ஆனால் வந்த தண்ணீர் சாயமாக நொய்யலில் போய்ச் சேர்ந்ததைக் கணக்கில் எழுதவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பெரிய வாடிக்கையாளர்களை இழந்த தண்ணீர் நிறுவனம் கடனில் தள்ளாடியது. நீர் கொண்டுவரும் குழாய்க்கு முதலீட்டாளர் கிடைத்தார்; கழிவு போகும் வழிக்கு அன்று யாரும் கிடைக்கவில்லை. கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணையை நம்பியிருந்த விவசாயிகள் அந்தப் பங்குதாரர் பட்டியலில் இல்லாததுதான் காரணம்.

கூட்டு முதலீடு என்ற பெயரில் நடந்த ஏமாற்றுகளையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிறு நகரத்துச் சேமிப்பாளர் அதில்தான் அதிகம் சூடுபட்டிருக்கிறார். நிலத்தைக் காட்டித் தவணை வசூலித்த பிஏசிஎல் நிறுவனம் 49,100 கோடியைத் திருப்பித்தர வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட்டது. முதலீட்டாளர்கள் ஐந்து கோடிக்கு மேல், பெரும்பாலும் சிற்றூர், சிறு நகரத்து மக்கள். பெருந்துறைப் பக்கம் மக்களிடம் பணம் வாங்கி நடத்திய ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் 2012இல் சரிந்தன. வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது. வழக்கு முடிந்து பணம் கைக்கு வருவதற்குள் போட்டவருக்கு வயதாகிவிடுகிறது. மனைத்துறையில் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ என்றால் பதிவு கட்டாயம். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். ஆலந்தூர்க்காரர்கள் தாமாகவே செய்த அதே தனிக் கணக்கு.

நில உரிமையாளர்களே கூடித் தங்கள் நிலத்தை நகரமாக்கியதற்கு மகாராஷ்டிரத்தில் மகர்பட்டா உதாரணம். புனே ஓரத்தில் 120க்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேல் ஒன்றுசேர்த்து, நில அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகித் தாமே ஒரு நிறுவனம் நடத்தின. நிலம் போய் வெறும் ரொக்கம் கைக்கு வருவதற்குப் பதில், மாத வருமானம் தொடர்ந்தது. எதிர்முனையில் அமராவதி: 2015இல் ஆந்திர அரசு ஏறத்தாழ 33,000 ஏக்கரைத் தொகுத்தது, 2019இல் ஆட்சி மாறியதும் ஐந்தாண்டு முடங்கியது, நிலம் கொடுத்தவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடும் நிலத் தொகுப்புக்கு 2020இல் விதிகள் வகுத்தது. சிறு நகரங்களின் விளிம்பில் அது வேர் பிடித்தால், ஒவ்வொரு காட்டையும் தனித்தனியாக மனை போட்டுச் சாலை சாலையோடு சேராமல் நிற்கும் கூத்து குறையும். விவசாயிக்கு நம்பிக்கை வர, தொகுத்த நிலத்தில் அவருக்குத் திரும்ப வரும் மனை எது, எப்போது என்பது முதல் நாளே வரைபடத்தில் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் முதலீட்டில் நல்லது கெட்டது பிரிக்க ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது: அது சம்பளம் கொண்டுவருகிறதா? ஓசூரில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, எண்பதுகளில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் உற்பத்தி தொடங்கி, ஆள் குடியேறி, அப்புறம் வீடுகள் பெருகின. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வரும்வரை அந்த வட்டாரம் ஃபுளோரைடு தண்ணீரோடு போராடியது. ஆலை வந்து முப்பது ஆண்டு கழித்துத்தான் குழாய் வந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் மென்பொருள் அலுவலகம் நடத்துகிறது; குற்றாலச் சாரலை நம்பியிருந்த வட்டாரத்துக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் வருகிறது. புதிய டைடல் கட்டடங்களை இந்த அளவுகோலில் பார்க்க இன்னும் காலம் ஆகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: 60,000 சதுர அடியை ஒட்டிய ஒரு கட்டடம் சில நூறு பேருக்கு இடம் தரும். அதைக் காட்டிப் பல ஆயிரம் மனை விற்க முடியும்.

ஊரின் நடுப்பகுதியைப் பற்றி யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. பெரிய கடைவீதிக்குப் பின்னால் பங்காளித் தகராறில் இடிந்து கிடக்கும் மனைகள், மேல்மாடி பூட்டிய கடைகள், மூடிய சினிமாக் கொட்டகைகள். அங்கே குடிநீர், சாக்கடை, பேருந்து, பள்ளி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் புதுக் குழாய் இழுப்பதைவிட இங்கே நாலு வாரிசுகளை ஒரு மேசையில் உட்காரவைப்பது செலவு குறைவு, சிரமம் அதிகம். மத்திய அரசின் பொலிவுறு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டம் 2015 முதல் 2025 மார்ச் வரை தமிழ்நாட்டில் பதினொரு நகரங்களில் நடந்தது. பேருந்து நிலையமும் அலங்கார விளக்கும் வந்த அளவுக்கு இந்தப் பழைய நடுப்பகுதி மீளவில்லை. அந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டாலே வேலூரில் 2022இல் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்துச் சிமென்ட் சாலை போட்ட படம்தான் பலருக்கு நினைவு வருகிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. கிரயப் பத்திரம் பதிவாகும்போது முத்திரைத் தீர்வையோடு 2 விழுக்காடு சொத்து மாற்று வரியாக வசூலாகி உள்ளாட்சிகளுக்கு உரியதாகிறது. அந்தப் பணம் வந்த வட்டாரத்திலேயே குழாய்க்கும் வடிகாலுக்கும் செலவாகிறது என்று கணக்கு ஒட்டிவைக்கும் நகராட்சிக்குப் புரோமோட்டரின் பலகையைவிட நல்ல விளம்பரம் கிடைக்கும். காலிமனை வரி நகராட்சிகளில் சட்டப்படி இருக்கிறது. படுத்துக்கிடக்கும் மனையை எழுப்புகிற அளவுக்கு அது கடிக்கவில்லை. சொத்து வரி 2008க்குப் பிறகு 2022இல்தான் திருத்தப்பட்டது. இடையில் பதினான்கு ஆண்டுகள் மனை விலை காத்திருக்கவில்லை. ‘நமக்கு நாமே’ திட்டம் 1997இல் தொடங்கி, 2021இல் மீண்டும் வந்திருக்கிறது. பூங்காவோ பள்ளிக் கட்டடமோ, மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். தொகைகள் சிறியவை, ஆனால் மகமை வழக்கத்துக்கும் ஆலந்தூர் வழக்கத்துக்கும் நடுவில் சாதி கேட்காமல் நிற்கும் ஏற்பாடு அது ஒன்றுதான்.

இவை எல்லாவற்றுக்கும் கேட்க ஆள் வேண்டும், பதில் சொல்ல ஆள் வேண்டும். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்கள் ஊரை நடத்தினார்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தியதும், பொலிவுறு நகரப் பணத்தை எந்தத் தெருவில் கொட்டுவது என்று முடிவெடுத்ததும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான். சாக்கடைக்கு 5,000 ரூபாய் கட்டுங்கள் என்று வாசலில் வந்து கேட்க ஒரு தனி அலுவலரால் முடியாது. கேட்டாலும் யாரும் கட்டமாட்டார்கள், மூன்று வருடத்தில் அவர் வேறு ஊருக்கு மாறிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது.